கைராசி என்றொரு சம்மட்டி

கதவுக் கீல் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நூற்றுப் பத்துப் பேர் வேலை பார்த்தார்கள். முதலாளியைக் கண்டு பயப்படாதவர்கள்கூட ஸ்டோர் ரூம் அக்காவைக் கண்டால் கொஞ்சம் அடங்கித்தான் நிற்பார்கள். கம்பிவலை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். பித்தளை டோக்கனை உள்ளே தள்ளினால்தான் கருவி வெளியே வரும். வாங்கிப் போன டிரில் பிட்டை மழுங்கடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலத் திருப்பி வைத்து நழுவப் பார்ப்பவனிடம், முகத்தை நிமிர்த்தாமலே கேட்பாள்: "தம்பி, இதால இரும்பைத் தொளைச்சியா, இல்ல உங்க வீட்டுச் செவுத்தைத் தொளைச்சியா?"

கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், அந்த முனை என்ன பாடுபட்டது என்று சொல்லிவிடுவாள். அவளுடைய வலது கையில் அந்தக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தவிர முழுசாக வேறு விரல் கிடையாது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு வரை அவள் அதே தொழிற்சாலையில் பிரஸ் ஓட்டியவள். தகட்டை வைத்து, பொத்தானை அழுத்தி, அச்சு இறங்கி ஏறியதும் துண்டை எடுத்து, அடுத்த தகட்டை வைத்து… ஒரு ஷிஃப்டுக்கு மூவாயிரம் துண்டு. பதினான்கு வருடம். மற்றவர்கள் கண்ணால் பார்த்து வேலை செய்தால் அவள் காதால் செய்தாள். அச்சு இறங்கும் சத்தம் ஒரு பிசிறு மாறினாலும் மெஷினை நிறுத்திவிடுவாள். பாதுகாப்புக் கதவு பழுதாகி, "நாளைக்கு மாத்திடலாம்" என்று மேற்பார்வையாளர் சொன்ன ஒரு மத்தியானத்தில், யாரும் பொத்தானை அழுத்தாமலே பிரஸ் இறங்கியது. சுட்டுவிரலும் நடுவிரலும் அடியோடு போயின. மோதிரவிரலில் பாதி போயிற்று. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் ஸ்டோர் ரூமில் போட்டார்கள். சம்பளத்தைக் குறைக்கவில்லை, மரியாதையும் குறையவில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. பிரஸ்ஸில் இருந்தபோது சாயங்காலம் வீட்டுக்குப் போகையில், "இன்னிக்கு மூவாயிரம் கீல் பண்ணியிருக்கேன்" என்று மனசுக்குள் ஒரு நிறைவு இருக்கும். ஸ்டோரில் எடுத்துக் கொடுப்பாள், திரும்ப வாங்கி வைப்பாள். மாலையில் அலமாரி காலையில் இருந்தபடியே இருக்கும். அதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. யாராவது அவள் கையைப் பார்த்து உச்சுக் கொட்டினால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "விரல் விட்டு எண்ணற அளவுக்குத்தான் எனக்கு வேலை. எங்கிட்ட கம்மியா இருக்கு, சீக்கிரம் எண்ணிடுவேன்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

அவளுக்கு ஒரே மகள். கட்டடக்கலை படிக்க வெளியூர் போய் விடுதியில் தங்கியிருந்தாள். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஃபோன் வரும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா."

"என்ன சாப்பிட்ட?"

"சாப்பாடுதான்."

இதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் இருக்காது. ஒருத்தி மூச்சு விடுவதை இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்கள். முதல் அரையாண்டு விடுமுறைக்கு வந்த மகள், வீட்டில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, அதில் ஒரு விளையாட்டை ஏற்றினாள். பெரிய உலகம் ஒன்று. காடு, கோட்டை, சுரங்கம், பூதம் எல்லாம் அதில் உண்டு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து விளையாடுவது.

"அம்மா, ஃபோன்ல பேசறதுக்கு நமக்கு விஷயமே இல்ல. இதுக்குள்ள வா. சேர்ந்து நடப்போம், மரம் வெட்டுவோம், எதையாவது அடிப்போம். பேச்சு தன்னால வரும்."

"இந்தக் கைய வெச்சுக்கிட்டு நான் பூதத்தை அடிக்கறதா? பூதம் சிரிச்சே செத்துடும்."

"சிரிச்சு செத்தாலும் நமக்குத்தான் கணக்கு. வா."

மகள் சொன்னபடியே பேச்சு வந்தது. விளையாட்டில் அம்மாவின் உருவம் ஆற்றங்கரையில் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்க, மகளின் உருவம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில், ஃபோனில் ஒருநாளும் வராத பேச்செல்லாம் காதில் மாட்டிய ஹெட்ஃபோன் வழியாக வந்தது. எந்தப் பேராசிரியர் சிடுமூஞ்சி, யாரோடு சண்டை, எந்தப் பாடத்தில் கோட்டை விட்டாள் என்று எல்லாம் தெரிந்தது. அம்மா விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர் 'ஸ்டோர்'. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

பத்தாவது லெவல் வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு சிறப்பு ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழு ஆயுதங்கள் மாட்டியிருக்கும் ஒரு மண்டபம். எடுத்தால் எடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது. அந்த ஆயுதத்துக்கென்று தனி லெவல் உண்டு. அறுபது வரை ஏறும். அதில் குழிகள் இருக்கும், குழிகளில் கல் பதித்து நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மகளுடையது இரட்டைக் கத்தி. எட்டு விசைகளைக் கண்மூடித் திறப்பதற்குள் வரிசையாக அழுத்த வேண்டும். தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் மண்டபத்தில் எதையும் பழகிப் பார்க்கலாம். அம்மா அதை ஒருநாள் முயன்று பார்த்தாள். கத்தி அவள் உருவத்தின் கையிலிருந்து கீழே விழுந்ததுதான் மிச்சம். வில்லும் அப்படித்தான், ஈட்டியும் அப்படித்தான்.

மண்டபத்தின் மூலையில் ஒரு சம்மட்டி இருந்தது. யாரும் அதைச் சீண்டுவதில்லை. அதற்கு ஒரே விசை: அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். சம்மட்டி மெல்ல மெல்ல மேலே ஏறும், சுற்றி ஒரு வளையம் நிரம்பும். நிரம்பிய அந்தக் கண நேரத்தில் விட்டால் 'பூரண அடி'. முன்னால் விட்டால் கொசு அடித்த மாதிரி. பின்னால் விட்டால் சம்மட்டி அவள் தலையிலேயே விழும்.

"அது குப்பைம்மா. ஒரு அடி அடிக்கறதுக்குள்ள எதிரி டீ குடிச்சிட்டு வந்துடுவான்."

"ஒரு விசைதானே? எனக்கு அது போதும்" என்று அம்மா எடுத்துக்கொண்டாள். இடது கையால் மவுஸைப் பிடித்து நடப்பாள், வலது கைக் கட்டைவிரலால் நீளமான அந்த ஸ்பேஸ் பாரை அழுத்துவாள்.

முதல் இரண்டு மாதம் அவள் தலையில்தான் சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவர் அவள் கணவர். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் அறையிலிருந்து "செத்தேன்… திரும்பவும் செத்தேன்" என்று குரல் வரும். முதல் நாள் பதறியடித்து ஓடினார். பிறகு பழகிவிட்டது. "இன்னிக்கு எத்தனை தடவ செத்த?" என்று கேட்டுக்கொண்டே டீ கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்.

ஒருநாள் ஹெட்ஃபோனில் மகளின் குரல் இல்லை, அவளுக்குத் தேர்வு. பயிற்சித் திடலில் ஒரு மரப் பொம்மையைத் தனியாக அடித்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ஒன்று காதில் பட்டது. சம்மட்டி ஏறும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் எழுகிறது. ஏறிக்கொண்டே போகிறது. வளையம் நிரம்புவதற்குச் சற்று முன்னால், ஒரு மயிரிழை நேரம், அந்த ரீங்காரம் அடங்குகிறது. யாரோ மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்த மாதிரி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழுத்தினாள். கேட்டாள். அடங்கியதும் விட்டாள்.

பூரண அடி.

மறுபடி. பூரண அடி. மறுபடி. பூரண அடி.

 வளையத்தைக் கண்ணால் பார்த்து விசையை விடுவதென்றால் எப்பேர்ப்பட்டவனுக்கும் பாதி தவறும். இங்கே விளையாடுகிற எல்லோரும் ஓயாமல் பேசிக்கொண்டோ பாட்டுப் போட்டுக்கொண்டோ விளையாடுகிறார்கள். இந்தச் சத்தத்தை ஒருத்தரும் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து அவள் சம்மட்டியை ஒரு கருவியாக நடத்தத் தொடங்கினாள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். இடது கையால் எழுதிப் பழகிய கோணல் கையெழுத்தில் கட்டம் போட்டாள். எந்தக் கல்லைப் பதித்தால் எத்தனை நொடி, நூறு அடியில் எத்தனை பூரணம், அடியின் பலம் எவ்வளவு. சம்மட்டி வைத்திருந்த ஒன்றிரண்டு பேரும் மூன்று குழியிலும் வேகக் கல்லைப் பதித்திருந்தார்கள். மெதுவான ஆயுதம், வேகப்படுத்தினால் தேவலை என்ற கணக்கு. அவள் சோதித்துப் பார்த்தாள். வேகக் கல் பதித்தால் அந்த அடங்கும் நேரமும் சுருங்கிப்போனது, காதுக்குப் பிடிபடவில்லை. எடைக் கல்லைப் பதித்தாள். சம்மட்டி இன்னும் மந்தமானது. ஒரு அடிக்கு ஒன்பது நொடி. ஆனால் ரீங்காரம் அடங்கும் நேரம் இரண்டு மடங்கு நீண்டது, அடியின் பலமோ நான்கு மடங்கு. மூன்று குழியிலும் எடைக் கல்லையே பதித்துவிட்டாள்.

நாற்பதாவது லெவலில்தான் மகளோடு முட்டிக்கொண்டது. அங்கே ஆயுதம் இரண்டு கிளையாகப் பிரியும். 'வேகம்' அல்லது 'ஊன்றல்'. ஊன்றலை எடுத்தால், சம்மட்டி ஏறும்போது யார் எப்படித் தாக்கினாலும் ஆள் அசையாமல் நிற்கலாம். ஆனால் ஓட முடியாது, விலக முடியாது, விழுகிற அடியையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். அறிந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாமே வேகத்தை எடு என்றுதான் கூறின.

"நீ எடுத்துட்டியா? ஊன்றலையா? ஐயோ அம்மா, இனிமே மாத்தவே முடியாது! பத்து மாசம் வீணாப் போச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன்! எங்க குழுவுல எல்லாரும் சிரிப்பாங்க. ஏற்கெனவே உங்க அம்மா மரம் மாதிரி நிக்கறாங்கன்னு ஒருத்தன் சொன்னான்."

"நின்னா என்ன? நிக்கறதுக்குத்தான் நான் வந்திருக்கேன். உன்னை மாதிரி குதிக்க எனக்கு வராது பாப்பா. வராததை வா வான்னு இழுத்து அந்தச் சம்மட்டியைக் கெடுக்க மாட்டேன். அது எப்படி இருக்கோ அப்படியே அதைப் பெரிசாக்கப் போறேன்."

மகள் வெளியேறிவிட்டாள். நான்கு நாள் அவள் உருவம் ஆற்றங்கரைப் பக்கமே வரவில்லை. ஃபோனும் பழையபடி சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்று ஆகிவிட்டது. அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவள் சுரங்கத்தில் ஓர் இரும்புக் கரடியின் முன்னால் நின்று, அது பிறாண்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒன்பது நொடி அசையாமல் நின்று, ஒரே அடியில் அதைச் சாய்த்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரே அடியா?"

மகள்தான். எப்போது வந்து நின்றாளோ தெரியவில்லை.

"ஒரே அடிதான்."

"திரும்ப அடி. பாக்கணும்."

அதற்குப் பிறகு மகள் எந்தக் குறிப்பையும் மேற்கோள் காட்டவில்லை. சம்மட்டியின் லெவலை ஏற்ற அம்மா தாது பொறுக்கப் போகும்போது கூடவே வந்து, குறுக்கே வருகிறவற்றைத் தன் கத்தியால் விரட்டுவாள். பதினாறு மாதத்தில் சம்மட்டி அறுபதைத் தொட்டது. அந்த விளையாட்டுலகத்தில் அறுபது லெவல் சம்மட்டி அதுவரை ஒருவரிடமும் இருந்ததில்லை என்று திரையின் மேலே ஓர் அறிவிப்பு ஓடியது. எல்லோர் திரையிலும் ஓடியது. அறுபதைத் தொட்ட ஆயுதத்துக்குப் பெயர் வைக்கலாம்.

"என்னம்மா பேர் வெக்கப் போற? இடி, பிரளயம், அந்த மாதிரி ஏதாவது வை. எல்லாரும் அப்படித்தான் வெப்பாங்க."

அம்மா சற்று யோசித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். *கைராசி.*

மகள் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு, "நல்லா இருக்கும்மா" என்றாள்.

மகளின் குழுவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து போகும் பெரிய சண்டை ஒன்று பாக்கி இருந்தது. சுரங்கத்தின் பத்தாவது தளத்தில் ஓட்டுப் பூதம் என்று ஒன்று. முதுகில் கல் ஓடு. எவ்வளவு வேகமாகக் கீறினாலும் மூன்று நொடியில் ஓடு தானாக மூடிக்கொள்ளும். அதை உடைக்க வேண்டுமென்றால் ஒரே அடியில் பெரும்பலம் இறங்க வேண்டும், அந்த விரிசல் மட்டும்தான் மூடாது. அப்படி மூன்று முறை. பதினோரு ஞாயிற்றுக்கிழமை போய், பதினோரு முறையும் மண்ணைக் கவ்வித் திரும்பியிருந்தார்கள். குழுவின் தலைவனை எல்லோரும் கேப்டன் என்றார்கள். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயது இருக்கும், எரிந்து விழுகிற சுபாவம்.

"நான் கேப்டன்கிட்ட சொல்றேம்மா. உன் கை விஷயத்தையும் சொல்லி…"

"வாயைத் திறந்த, தெரியும் சேதி! பாவம்னு ஒரு எடம் குடுத்தாங்கன்னா அது எனக்கு வேணாம். சம்மட்டி நல்லா இருந்தா கூப்பிடட்டும். இல்லன்னா வேணாம்."

அவளே கேப்டனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ஸ்டோரில் கருவி சோதனைக்கு எழுதுகிற அதே தோரணையில்: *சம்மட்டி, லெவல் அறுபது. மூன்றும் எடைக் கல். பொம்மை மேல் ஐம்பது அடி. பூரணம் நாற்பத்தேழு. தவறு மூன்று. அதில் ஒன்று வாசலில் மணி அடித்ததால்.* கூடவே அடியின் பலத்தையும் எழுதியிருந்தாள்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. *நாற்பத்தேழா? எழுத்துப் பிழையா?*

*இல்லை.*

*ஞாயிறு மூணு மணிக்கு வாங்க.*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் இரண்டரைக்கே உட்கார்ந்துவிட்டாள். கணவர், வாசல் மணியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு வந்து, அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சண்டை தொடங்கியது. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "இடது பக்கம் போ!" "மருந்து குடு, மருந்து!" "யாருடா அது என் முன்னாடி?" அந்தச் சந்தைக்கடை இரைச்சலில் அவள் பூதத்தின் எதிரே போய் நின்று அழுத்தினாள். சம்மட்டி ஏறியது. ரீங்காரம் எங்கே? ஒன்றும் கேட்கவில்லை. கண்ணால் வளையத்தைப் பார்த்துக் கட்டைவிரலை எடுத்தாள். தாமதம். சம்மட்டி அவள் தலையிலேயே விழ, பூதம் திரும்பி ஒரு சுழற்று சுழற்றியதில் பன்னிரண்டு பேரும் தரையில்.

"இதுக்குத்தான் சம்மட்டி வேணாம்னேன்" என்றது ஒரு குரல்.

மகள் பதில் சொல்ல வாயெடுப்பது மூச்சிலேயே கேட்டது. அதற்கு முன்னால் அம்மா பேசினாள். குழுவில் அவள் குரலை அன்றுதான் எல்லோரும் முதல்முறையாகக் கேட்டார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடினா நான் அடிப்பேன்."



"என்ன சொல்றீங்க?" என்றான் கேப்டன்.

"சம்மட்டி ஏறும்போது ஒரு சத்தம் வரும். அது அடங்கும்போது விடணும். நீங்க கத்தறதுல எனக்கு அது கேக்க மாட்டேங்குது."

"சம்மட்டிக்குச் சத்தமா? நான் ரெண்டு வருஷமா விளையாடறேன், அப்படி எதுவும் கேட்டதில்லயே."

"நீங்க எப்ப தம்பி சும்மா இருந்தீங்க, கேக்கறதுக்கு?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். கேப்டன் கோபித்துக்கொள்வான் என்று மகள் பயந்தாள்.  அவனோ, "சரி. எல்லாரும் மைக்கை அணைச்சிடுங்க. யார் எங்க நிக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். பாட்டுப் போட்டிருக்கறவங்க அதையும் நிறுத்துங்க. ஒரு தடவ பாத்துடுவோம்" என்றான்.

இரண்டாம் முறை பன்னிரண்டு பேரும் ஊமைகளாக உள்ளே போனார்கள். பூதத்தின் காலடி மட்டும் கேட்டது. இரட்டைக் கத்தி மின்னியது, அம்புகள் பறந்தன, ஒரு சொல் இல்லை. அவள் போய் நின்றாள். காலை ஊன்றினாள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை அழுத்தினாள். பூதம் அவளை அடித்தது. நின்றாள். மறுபடி அடித்தது. நின்றாள். ரீங்காரம் எழுந்தது. எல்லோர் காதிலும் எழுந்தது. மெல்லியதாக, தெளிவாக. ஏறி, ஏறி, அடங்கியது.

விட்டாள்.

கல் ஓட்டில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. இரண்டாவது அடிக்குப் பாதி ஓடு பெயர்ந்து விழுந்தது. மூன்றாவது அடி ஏறும்போது அவள் உயிர் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. மருந்து கொடுக்கிறவள் தன்னுடையதையெல்லாம் அவள் மேல் கொட்டினாள். மகள் பூதத்தின் முகத்துக்கு நேரே போய் நின்று அதன் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தாள். ரீங்காரம் அடங்கியது.

ஓடு சுக்குநூறாகச் சிதறியது. மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

மைக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அப்படியும் கூச்சல் அறை முழுக்கக் கேட்டது. கணவர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "முடிஞ்சுதா? யாரு செத்தா?"

"இந்தத் தடவ நான் இல்லீங்க."

கூச்சல் ஓய்ந்ததும் கேப்டன் கேட்டான்: "அக்கா, ஒண்ணு சொல்லுங்க. மூணுக்கு மூணும் பூரணம். எந்த விரலால அழுத்தறீங்க? சுட்டுவிரலா? நான் மண்டபத்துல சுட்டுவிரலாலதான் அழுத்திப் பாத்தேன், எனக்கு வரவே இல்ல."

"எங்கிட்ட சுட்டுவிரலே கிடையாது தம்பி" என்றாள் அவள். "நடுவிரலும் கிடையாது. மோதிரவிரல் பாதி இருக்கு. பிரஸ்ல போயிடுச்சு. கட்டைவிரலாலதான் அழுத்தறேன்."

ஒருவரும் பேசவில்லை. இந்த அமைதி அவளுக்கு நன்றாகத் தெரியும். இதற்குப் பின்னால் உச்சுக் கொட்டும் சத்தம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கேப்டன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. "அப்போ பன்னெண்டு பேருக்கு நூத்திருபது விரல்ல ரெண்டரை போக…" என்றான். "நூத்திப் பதினேழரை விரல். பதினோரு வாரமா முழுசா நூத்திருபது விரலோட போய்த் தோத்துட்டு வந்திருக்கோம்!"

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நாற்காலி கிறீச்சிடச் சிரித்தாள். எதிர்முனையில் மகளும் சிரிப்பது கேட்டது; அது சிரிப்புதானா என்று பிறகு அம்மா கேட்டதற்கு, சிரிப்புதான் என்று மகள் சாதித்தாள்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அவள் கணவரிடம், "ஒம்போது வருஷம் கழிச்சு ஒண்ணு செஞ்சிருக்கேங்க" என்றாள்.  அவர் ஈரத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கித் துடைத்துக்கொண்டே, "நான் பாத்தேனே" என்றார். மறுநாள் காலை அவர் வேனில் ஏறிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேதி தெரிந்துவிட்டது. பூதம் நான்காக இருந்தது, அவள் ஒற்றைக் கையால் அடித்தாள் என்று கதை வளர்ந்திருந்தது.

விடுமுறைக்கு மகள் வந்தபோது, நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை எல்லாம் தட்டச்சு செய்து பொதுவில் போடலாமா என்று கேட்டாள். அம்மா அதைத் திரும்ப ஒருமுறை படித்து, சந்தேகமான இரண்டு வரியை அடித்து, மறுபடி நூறு அடி அடித்துப் பார்த்து, பிறகுதான் கொடுத்தாள். நான்கு பக்கம். அலங்காரம் ஒன்றும் இல்லை: இந்தக் கல், இத்தனை நொடி, இந்த இடத்தில் சத்தம் அடங்கும், பேசிக்கொண்டே அடிக்காதீர்கள். ஒரே மாதத்தில் அந்த மண்டபத்து மூலையில் சம்மட்டியை எடுக்க வரிசை நின்றது. 'ஸ்டோர் முறை' என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. கை நடுக்கம் உள்ள ஒரு தையல்காரர் எழுதினார். ஒரு கண் மங்கிப்போன தபால்காரர் எழுதினார். அவள் ஒவ்வொருவருக்கும் தானே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து, பதில் போட்டாள். அவரவர் கைக்கு எந்தக் கல், எந்தக் கிளை என்று கேள்வி மேல் கேள்வி கேட்டுத்தான் சொல்வாள். எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுக்க மாட்டாள்.

அவர்களில் ஒருத்திக்கு நான்கு மாதக் குழந்தை. ஒரு கையில் குழந்தை எப்போதும் இருக்கிறது, மிச்சம் இருப்பது ஒரு கைதான், இந்த ஆயுதம்தான் எனக்குச் சரிப்படுகிறது என்று எழுதியிருந்தாள். இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து ஓர் அறிக்கை வந்தது: *ஐம்பது அடி. பூரணம் முப்பத்தாறு. நாலு தவறு குழந்தை அழுததால்.*

ஸ்டோர் அக்கா அதை இரண்டு முறை படித்தாள். சமையலறையில் இருந்த கணவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது. ஆனால் எழுதிய பதில் இதுதான்:

*நாலைக் கழித்துப் பார்த்தாலும் பத்துத் தவறு இருக்கிறது. நடுக் குழியில் இன்னும் வேகக் கல்தான் இருக்கிறதா? எடுத்துவிட்டு எடைக் கல்லைப் பதி. குழந்தைக்கு என் அன்பு. நாளைக்கு மறுபடி ஐம்பது அடித்து அனுப்பு.*